ஒரிகன் பாதையில் ஒரு காதல் நாவல்: முதன்முறை எழுதுகிறவர்களுக்கு வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவின் மிசூரி ஆற்றங்கரையில் கூண்டு வண்டி பூட்டி, ஐந்தாறு மாதம் மேற்கே நடந்து, மேற்குக் கரையோர ஒரிகன் போய்ச் சேர்ந்த குடும்பங்களை வைத்துத் தமிழில் ஒரு காதல் நாவல் எழுத நினைக்கிறீர்களா? அருமையான களம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரை விட்டு ஒருவர் விலகவும் முடியாது, தனியே சேரவும் முடியாது. ஒரே தூசி, ஒரே தண்ணீர், சுற்றிலும் நூறு கண்கள். ஆனால் இதில் கைவைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். நாயகியின் முகத்தையும் முதல் சந்திப்பையும் எழுதி முடித்துவிட்டு, அதன்பிறகு தேதியும் தூரமும் தேடுகிறார்கள். அதற்குள் ஏப்ரல் தொடக்கத்திலேயே முழங்கால் உயரப் புல்லும், கிளம்பிய மூன்றாம் வாரத்திலேயே மலைத்தொடரும் கதைக்குள் புகுந்திருக்கும். ஒன்றைத் திருத்தினால் பத்து அத்தியாயம் சரியும்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஆண்டு, அடுத்து நாட்காட்டி, அடுத்து எடைக்கணக்கு. காதலர்களை அதற்குப் பிறகு கொண்டுவரலாம்.

1. ஆண்டைத் தீர்மானியுங்கள்

"1800களில்" என்று விட்டுவிட்டால் நாவல் நிற்காது. பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறியது. ஓர் ஆண்டில் இருந்த ஓடத்துறை முந்தைய ஆண்டில் இல்லை.

1843: சுமார் ஆயிரம் பேர் சேர்ந்து போன முதல் பெரும் பயணம். பாதையின் கடைசிப் பகுதியில் வண்டி ஓட வழி கிடையாது. டேல்ஸ் என்ற இடத்தில் சாமான்களைத் தெப்பத்திலோ படகிலோ ஏற்றி, கொலம்பியா ஆற்றின் வேகத்தில் இறங்கினார்கள். ஆற்றில் ஒரு பெரிய உச்சக்கட்டம் வேண்டுமென்றால் இந்த ஆண்டு பொருந்தும்.

1846: ஹுட் மலையைச் சுற்றி பார்லோ சாலை திறக்கப்பட்டது. வண்டிக்கு 5 டாலர், மாடு குதிரை ஒன்றுக்கு 10 சென்ட் சுங்கம்.

1849, 1850: கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போன ஆண்கள் கூட்டமே பாதையை நிறைத்தது. குடும்பக் கதைக்குச் சற்று இடைஞ்சல்.

1852: முதல் நாவலுக்கு இதைத்தான் எடுக்கச் சொல்வேன். குடும்பங்கள் பெருமளவில் போன ஆண்டு. பெண்கள் எழுதிய நாட்குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. காலரா உச்சத்தில் இருந்தது. ஒரிகனில் குடியேறுகிறவர்களுக்கு நிலம் தரும் சட்டம் நடைமுறையில் இருந்தது. கதைக்கு வேண்டிய அழுத்தம் நாலா பக்கமிருந்தும் தானாக வரும். கீழே சொல்லும் கணக்குகளை இந்த ஆண்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

2. நாட்காட்டி போடுங்கள்

மொத்தத் தூரம் சுமார் 2000 மைல். நல்ல நாளில் 15 மைல். ஆறு கடக்கும் நாளில், மழை நாளில் அதில் பாதிகூட நகராது. கிளம்பும் தேதியை முடிவு செய்தது புல். ஏப்ரல் பிற்பாதிக்கு முன் கிளம்பினால் சமவெளியில் மாடுகளுக்கு மேய்ச்சல் இருக்காது. மே நடுப்பகுதிக்குப் பின் கிளம்பினால் முன்னால் போன மந்தைகள் புல்லை மேய்ந்து தீர்த்திருக்கும். அக்டோபரில் மலையில் பனி மறிக்கும். இந்த மூன்று, நான்கு வார இடைவெளிக்குள்தான் உங்கள் நாயகி வீட்டை விட்டு இறங்க முடியும்.

மே முதல் வாரம் கிளம்பும் ஒரு கூட்டத்துக்கு நாட்காட்டி ஏறத்தாழ இப்படி அமையும்:

மே கடைசி வாரம்: பிளாட் ஆற்றங்கரையில் கியர்னி கோட்டை, 300 மைலுக்குச் சற்று மேல்.
ஜூன் நடு: சிம்னி பாறை. இரண்டு நாளுக்கு முன்பே அடிவானத்தில் தெரியத் தொடங்கும்.
ஜூன் பிற்பாதி: லாரமி கோட்டை, சுமார் 650 மைல். கொல்லன் பட்டறை, கடை, கடிதம் அனுப்ப வசதி.
ஜூலை 4ஐ ஒட்டி: இண்டிபென்டன்ஸ் பாறை, 800 மைலுக்கு மேல். பெயர் பொறித்துவிட்டுப் போகும் இடம்.
ஜூலை நடு: தெற்குக் கணவாய். செங்குத்தான மலைவாசலைக் கற்பனை செய்யாதீர்கள். அகலமான, மெல்லிய ஏற்றம். உச்சியைத் தாண்டியதே பலருக்குத் தெரியவில்லை.
ஆகஸ்ட்: ஹால் கோட்டை, பிறகு பாம்பாற்றின் (ஸ்னேக் ரிவர்) பள்ளத்தாக்கு. வெயில், தூசி, பக்கத்திலேயே ஆறு ஓடியும் இறங்க முடியாத பாறைச் சரிவு.
செப்டம்பர்: நீல மலைகள். பல வாரங்களுக்குப் பிறகு மரம், நிழல், விறகு.
அக்டோபர்: பார்லோ சாலை, ஒரிகன் நகரம். மழை தொடங்கியிருக்கும்.

இதை வாரம் ஒரு தாளாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தாளிலும் ஐந்து வரி போதும்: இடம், தண்ணீர் எப்படி, புல் எப்படி, எரிக்க என்ன கிடைக்கும், மாவு எவ்வளவு மிச்சம். கிழமையும் குறியுங்கள். 1852 ஜூலை 4 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஓய்வு எடுப்பதா, பயணத்தைத் தொடர்வதா என்பது பல கூட்டங்களைப் பிளந்த சண்டை. கிழமை தெரிந்தால் அந்தச் சண்டை சரியான நாளில் வந்து விழும்.

இந்த நாட்காட்டியில் காதலின் படிகளைப் பொருத்துவது அதன்பின் எளிது. முதல் மாதம் சமவெளி: மனிதர்கள் இன்னும் மரியாதையோடு, நல்ல துணியோடு, பேச்சோடு இருப்பார்கள். பாம்பாற்றங்கரைக்கு வரும்போது எல்லோரும் மெலிந்து, எரிச்சலோடு, உண்மை முகத்தோடு இருப்பார்கள். முதல் முத்தத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு முத்தம்.

3. வண்டி, மாடு, எடை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். நாவலில் வரும் சண்டைகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கும்.

வண்டிப் பெட்டி சுமார் 4 அடி அகலம், 10 முதல் 12 அடி நீளம், பக்கப் பலகை 2 அடி உயரம். அதன்மேல் வளைத்த மரக்கழிகள், அவற்றின்மேல் ஆளிவிதை எண்ணெய் பூசிய கித்தான் துணி. கிழக்கில் சரக்கு ஏற்றிய பெரிய கானஸ்டோகா வண்டியைப் படத்தில் பார்த்துவிட்டு அதை இங்கே ஓட்டாதீர்கள். அந்த எடையை இழுத்து மாடுகள் மலை ஏறாது. வில் பட்டை கிடையாது என்பதால் உள்ளே உட்கார்ந்தால் எலும்பு கழலும். நோயாளி, கர்ப்பிணி, சின்னக் குழந்தை தவிர எல்லோரும் நடந்தார்கள். நாயகனும் நாயகியும் முன்பலகையில் அருகருகே உட்கார்ந்து பல மைல் பேசிக்கொண்டு போகும் காட்சியை வெட்டிவிடுங்கள். அவர்களை நடக்கவிடுங்கள்.

இழுப்பவை பெரும்பாலும் எருதுகள். கோவேறு கழுதை வேகமானது, ஆனால் விலை அதிகம். எருது புல்லை மட்டும் தின்றே தாக்குப்பிடிக்கும், களவு போவதும் குறைவு. ஒரு வண்டிக்கு இரண்டு அல்லது மூன்று இணை. மூக்கணாங்கயிறும் இல்லை, கடிவாளமும் இல்லை. ஓட்டுகிறவர் மாடுகளின் இடப்பக்கம் நடந்தபடி, சாட்டையும் குரலுமாக ஓட்டுவார்: வலப்பக்கம் திரும்ப "ஜீ", இடப்பக்கம் திரும்ப "ஹா". வேகம் மணிக்கு இரண்டு மைல். நாயகி மாடு ஓட்டக் கற்றுக்கொள்ளும் அத்தியாயம் எழுதினால் அவள் நிற்கும் பக்கத்தைச் சரியாக எழுதுங்கள்.

சக்கரம்தான் வழியெல்லாம் தொல்லை. லாரமிக்கு மேற்கே காற்று வறண்டது. மரம் சுருங்கும், ஆரக்கால் ஆடும், வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டா கழன்று விழும். இரவில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப்போடுவார்கள்; ஆறு இல்லாத இடத்தில் பட்டாவுக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்பு அடிப்பார்கள். அச்சுக்கு மை: தேவதாருக் கீலும் மாட்டுக் கொழுப்பும் கலந்தது. அதற்கான வாளி வண்டியின் பின்பக்கம் தொங்கும். அந்த நாற்றம் உங்கள் நாவலின் எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

இப்போது எடை. ஒரு வண்டி தாங்கும் சுமை 2000 முதல் 2500 பவுண்டு. 1845இல் லான்ஸ்ஃபர்ட் ஹேஸ்டிங்ஸ் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்கு மாவு 200 பவுண்டு, உப்பிட்ட பன்றிக்கறி 150, காப்பிக்கொட்டை 10, சர்க்கரை 20, உப்பு 10 என்று பட்டியல் தந்தது. கூட்டினால் 390. நான்கு பெரியவர்கள் என்றால் 1560 பவுண்டு சாப்பாடே. 1859இல் ராணுவத்தைச் சேர்ந்த ராண்டால்ஃப் மார்சி, கலிபோர்னியா வரைக்கான 110 நாளுக்கு, ஆளுக்கு மாவு 150, பன்றிக்கறி 25, காப்பிக்கொட்டை 15, சர்க்கரை 25 என்று குறைத்தார்; மீதி இறைச்சிக்கு மாடுகளைக் கூடவே ஓட்டிப் போகச் சொன்னார். ஒரிகனுக்கு நாள் கூடுதல் என்பதால் இரண்டுக்கும் இடையில் ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு போக மிஞ்சும் 500, 800 பவுண்டில் கூடாரம், படுக்கை, கோடாலி, ஏர்முனை, துப்பாக்கி, ஈயம், மருந்து, சட்டி பானை எல்லாம் அடங்க வேண்டும். அம்மா தந்த மரப்பெட்டி, ஆடும் நாற்காலி, இரும்பு அடுப்பு என நாயகி கொண்டுவரும் ஒவ்வொன்றுக்கும் எடை போட்டு எழுதிவையுங்கள். லாரமி வட்டாரத்தில் பாதையோரம் இப்படி இறக்கிப் போட்ட அடுப்புகளும் பெட்டிகளும் பன்றிக்கறி மூட்டைகளும் கிடந்ததைப் பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். எதை முதலில் இறக்குகிறாள், யார் இறக்கச் சொல்கிறார், யார் அவளுக்காகத் தன் சாமானை இறக்குகிறார்: இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதினால் உங்களுக்கு ஒரு காதல் அத்தியாயம் கிடைத்துவிடும்.

செலவு: வண்டி 100 டாலரை ஒட்டி, எருது இணை 50 முதல் 65 டாலர். சாப்பாடும் கருவிகளும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 500 முதல் 1000 டாலர் வரை ஆனது. அப்போது பண்ணைக் கூலியாளுக்குச் சாப்பாடு போக மாதம் 10, 11 டாலர்தான் கிடைத்தது. எனவே பரம ஏழைக் குடும்பம் சொந்த வண்டியில் போவதாக எழுதினால் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் நிலத்தை விற்றார்கள். கையில் காசில்லாத இளைஞன் இன்னொருவர் வண்டியை ஓட்டி, மாடு பார்த்து, அதற்கு ஈடாகச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போவான். அவனுக்குச் சோறு ஆக்கிப் போடுவது அந்த வீட்டுப் பெண்கள். உங்கள் நாயகன் எந்த அடுப்படியில் சாப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிட நியாயமான காரணம் கிடைக்காது.

4. ஒரு நாளின் ஓட்டமும், இருவர் தனியே பேசும் இடமும்

1843 பயணத்தில் மந்தையோடு வந்த பிரிவின் ஒரு நாளை ஜெஸ்ஸி ஆப்பிள்கேட் பிற்பாடு விரிவாக எழுதிவைத்தார். அதிகாலை 4 மணிக்குக் காவலர்கள் துப்பாக்கி சுட்டு எழுப்புவார்கள். 7 மணிக்குள் சமைத்து, தின்று, கூடாரம் சுருட்டி, மாடு பூட்டி வரிசையில் நிற்க வேண்டும். 60 வண்டிகள், நான்கு நான்காக 15 அணிகள். இன்று முதலில் போகும் அணி நாளை கடைசி, ஏனென்றால் கடைசியில் வருகிறவர்தான் அத்தனை தூசியையும் தின்பார். நண்பகலில் சிறிது ஓய்வு. மாலையில் வண்டிகளை வட்டமாக நிறுத்திச் சங்கிலியால் பிணைப்பார்கள். சண்டைக்கான கோட்டை என்று திரைப்படங்கள் பழக்கிவிட்டன. அன்றாடப் பயன் மாடு குதிரைகளை அடைத்துவைக்கும் பட்டி.

1852இல் இவ்வளவு பெரிய, ஒழுங்கான கூட்டங்கள் குறைவு. பத்து, இருபது வண்டிகள் சேர்வதும், சண்டையில் பிரிவதும், வேறு கூட்டத்தோடு சேர்வதும் சாதாரணம். இது கதாசிரியருக்கு வரம். நாயகனை இரண்டு வாரம் பிரித்து, பாம்பாற்றங்கரையில் மறுபடி சேர்க்க எந்தத் தந்திரமும் தேவையில்லை.

தனிமைதான் சிக்கல். மரமில்லாத சமவெளியில் பெண்கள் இயற்கை உபாதைக்குப் போனால்கூட மற்றப் பெண்கள் பாவாடையை விரித்துச் சுற்றி நின்று மறைத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நிலாவொளியில் நீண்ட சந்திப்பு நடக்காது. பின் எங்கே பேசுவார்கள்?

எரிபொருள் பொறுக்கும்போது. பிளாட் ஆற்றங்கரையில் விறகு இல்லை. பைசன் எருமையின் காய்ந்த சாணம்தான், நம் வரட்டி மாதிரியே எரியும். ஒரு வேளைச் சமையலுக்குப் பல கூடை வேண்டும் என்பதால் சிறுவர்களும் பெண்களும் முகாமை விட்டு நெடுந்தூரம் போவார்கள். முதலில் கையால் தொடக் கூசிய பெண்கள் ஒரு வாரத்தில் பாவாடை மடி நிறையக் கொண்டுவந்தார்கள். அந்த மாற்றத்தையே நாயகியின் மாற்றமாக எழுதலாம்.

தண்ணீர் சுமக்கும்போது. இரவுக் காவல் முறை மாறும்போது. நோயாளியின் பக்கத்தில் விழித்திருக்கும்போது. ஆற்றைக் கடக்க வரிசையில் காத்திருக்கும் நாள்களில், இது மிக முக்கியம், சில ஓடத்துறைகளில் காத்திருப்பே நாள்கணக்கில் ஆனது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டின் பக்கத்தில் நடக்கும்போது: எல்லோர் கண்ணெதிரிலும், யார் காதிலும் விழாமல்.

சமையலைச் சுருக்கமாகவாவது காட்டுங்கள். தினமும் ரொட்டி, பன்றிக்கறி, காப்பி. ரொட்டி உப்பிவரச் சோடா உப்பு. பசு கூட வந்தால், காலையில் கறந்த பாலை மூடிய வாளியில் வண்டியில் தொங்கவிடுவார்கள். குலுக்கலில் மாலைக்குள் வெண்ணெய் திரண்டிருக்கும்.

5. கதைக்குள் வரும் பத்திரங்கள்

காதல் கதைக்குப் பத்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தக் கதையின் மிக வலுவான முடிச்சு ஒரு சட்டத்தில்தான் இருக்கிறது.

1850 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரிகன் நிலக்கொடைச் சட்டத்தை இயற்றியது. 1850 டிசம்பர் 1க்குள் குடியேறிய மணமாகாத ஆணுக்கு 320 ஏக்கர். மணமானவர் என்றால் 640, அதில் பாதி மனைவியின் சொந்த உரிமை. அதற்குப் பின் வந்தவர்களுக்கு அளவு பாதியானது: தனி ஆணுக்கு 160, தம்பதிக்கு 320, அதிலும் சரிபாதி மனைவி பெயரில். இப்போது கவனியுங்கள்: பின்னால் வந்த ஆண், ஒரிகன் வந்து ஓர் ஆண்டுக்குள் மணம் செய்தாலும் தம்பதிக்கான அளவு கிடைக்கும். மணமாகாத பெண்ணுக்குத் தன் பெயரில் எதுவும் இல்லை.

ஆக, 1852 அக்டோபரில் வந்து இறங்கும் நாயகனுக்கு 1853 அக்டோபர் வரை கெடு. அவன் கேட்பது அவளையா, 160 ஏக்கரையா? அவள் சம்மதிப்பது அவனுக்காகவா, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு நிலம் வரும் என்பதற்காகவா? இந்தச் சந்தேகத்தை நாவலின் கடைசிப் பகுதி முழுக்க ஓட்டலாம். உண்மையிலும் இந்தச் சட்டத்தால் ஒரிகனில் அவசரக் கல்யாணங்கள் நடந்தன, மிகச் சிறு வயதுப் பெண்களைக்கூட மணம் முடித்தார்கள். அதை இனிமையாகப் பூசி எழுதாதீர்கள். உங்கள் நாயகிக்கு வயது இருபதைத் தாண்டியிருக்கட்டும்.

நிலம் உரிமையாக நான்கு ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். விண்ணப்பத்தோடு பிறந்த ஊர், ஒரிகன் வந்த நாள், மணநாள், மணந்த இடம், மனைவி பெயர் ஆகியவற்றை எழுதி, சாட்சிகளின் சத்தியப் பத்திரமும் தர வேண்டும். வழியில் ஒரு பிரசங்கியார் நடத்திவைத்த கல்யாணம் என்றால் சாட்சி சொல்ல யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே ஓர் அத்தியாயம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சட்டம் வெள்ளையருக்கும், அளவோடு கலப்பினப் பூர்வகுடியினருக்கும் மட்டுமே நிலம் தந்தது, கறுப்பினத்தவருக்கு இல்லை. பயணிகள் பெரும்பாலோர் குடியேறிய வில்லமெட் பள்ளத்தாக்கு, கலபூயா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களோடு செய்த ஒப்பந்தம் உறுதியானது 1855இல். நிலம் வழங்கத் தொடங்கியது அதற்கு முன்பே. காதலர்கள் குடிசை போடும் அந்த 320 ஏக்கரில் முன்பு இருந்தவர்கள் யார் என்பது நாவலில் ஓரிடத்திலாவது தெரிய வேண்டும்.

வேறு இரு பத்திரங்கள்: கூட்டத்தின் விதிமுறை ஏடு, கடிதம். கிளம்பும்போது தலைவரைத் தேர்ந்தெடுத்து, காவல் முறை, ஞாயிறு ஓய்வு, தகராறுக்குத் தீர்ப்பு என்று எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் இருந்தது. வாக்கு ஆண்களுக்குத்தான். கடிதங்களைக் கோட்டைகளில் கொடுக்கலாம். பதில் வழியில் வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. பின்னால் வரும் வண்டிக்காரருக்குச் சேதி சொல்ல எருமையின் வெளுத்த மண்டையோட்டில் எழுதி வழியோரம் வைத்தார்கள். காதல் நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல தபால் கிடைக்காது.

6. சாவு எங்கிருந்து வரும்

கூண்டு வண்டிக் கதை என்றதும் அம்பும் தீயுமாகத் தாக்குதல் காட்சி எழுதக் கை போகும். எண்ணிக்கையைப் பாருங்கள். வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ திரட்டிய கணக்குப்படி 1840 முதல் 1860 வரை பூர்வகுடியினர் கையால் இறந்த பயணிகள் 362 பேர். பயணிகள் கையால் இறந்த பூர்வகுடியினர் 426 பேர். இருபது ஆண்டுகளில், லட்சக்கணக்கானோர் போன பாதைகளில். ஷோஷோனி மக்கள் பாம்பாற்றங்கரையில் சால்மன் மீன் விற்றார்கள். கேயூஸ் மக்களிடம் பயணிகள் காய்கறி, குதிரை வாங்கினார்கள். ஆறு கடக்க வழிகாட்டியதும் பல இடங்களில் அவர்கள்தான்.

உண்மையான கொலைகாரன் காலரா. பிளாட் ஆற்றங்கரையில் தேங்கிய தண்ணீரும், முன்னால் போனவர்கள் அசுத்தம் செய்த முகாம்களும் காரணம். காலையில் நடந்தவர் இரவில் இறந்திருப்பார். அது தண்ணீரில் பரவுவது அன்று அவர்களுக்குத் தெரியாது; எனவே உங்கள் நாயகன் எவ்வளவு புத்திசாலியானாலும் "தண்ணீரைக் கொதிக்க வை" என்று அறிவுரை சொல்லக் கூடாது. காப்பி குடிப்பவர் தப்பினால் அது தற்செயலாகவே இருக்கட்டும். லாரமியைத் தாண்டி உயரம் ஏறியபின் காலரா குறையும். ஆகஸ்டில் காலரா மரணம் வைக்காதீர்கள்.

அடுத்தது விபத்து. ஓடும் வண்டியிலிருந்து குதிக்கும் குழந்தையின் துணி மாட்டிக்கொண்டு சக்கரம் ஏறுவது. 1844இல் கேத்தரின் சேகர் என்ற சிறுமியின் கால் இப்படித்தான் முறிந்தது. அவளுடைய தாய், தந்தை இருவரும் வழியிலேயே இறந்து, ஏழு குழந்தைகள் அனாதையானார்கள். பிறகு கை தவறி வெடிக்கும் துப்பாக்கி. பிறகு ஆறு. பிளாட்டில் புதைமணல், வண்டி நடுவில் நின்றால் அமிழும். மேற்கே ஆழமும் வேகமும்: வண்டிப் பெட்டியின் இடுக்குகளைக் கீல் வைத்து அடைத்துப் படகாக மிதக்கவிடுவார்கள். காரநீர்க் குட்டையில் மாடு வாய் வைத்தால் செத்துவிடும். பன்றிக் கொழுப்பைத் தொண்டையில் திணிப்பது அன்றைய வைத்தியம்.

கணவனை இழந்த பெண்ணும், மனைவியை இழந்த ஆணும் சில மாதங்களில் மறுமணம் செய்வது அந்தச் சூழலில் சாதாரணம். ஓர் ஆண்டு துக்கம் காத்துத்தான் காதல் வர வேண்டும் என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அவளுக்கு மனம் உறுத்துவது வேறு. ஊர் தூற்றுவது வேறு.

7. மூலங்கள், செலவு, காலம்

பெண்களின் நாட்குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பேர் போதும், முதல் மாதத்துக்கு.

அபிகெயில் ஸ்காட், 1852. வயது 17. பயணக் குறிப்பு எழுதும் வேலையைத் தந்தை அவளிடம் ஒப்படைத்தார். லாரமி கோட்டை வட்டாரத்தில் தாய் காலராவில் இறந்தார். பின்னர் சின்னத் தம்பியும். அடுத்த ஆண்டே, 1853இல், ஒரிகனில் நிலம் வைத்திருந்த ஒருவரை மணந்தாள். பிற்காலத்தில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய அபிகெயில் ஸ்காட் டனிவே இவர்தான்.

அமீலியா ஸ்டூவர்ட் நைட், 1853. ஏப்ரல் 9இல் கிளம்பி செப்டம்பர் 17இல் எழுதி முடித்தார். ஏழு குழந்தைகளோடு போனவர் கர்ப்பிணி. ஆனால் எட்டாவது குழந்தை பிறந்த செய்தி வரும்வரை அதை வெளிப்படையாகச் சொல்லவே இல்லை. "உடம்பு முடியவில்லை" என்ற மட்டில் நிறுத்திக்கொண்டார். அந்தக் காலப் பெண்கள் எதை எழுத மாட்டார்கள் என்பதை இவரிடம் படிக்கலாம். உங்கள் நாயகியின் நாட்குறிப்பில் உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் பச்சையாக எழுதவைத்தால் பொருந்தாது. எழுதாமல் விட்ட இடத்தில்தான் அவள் பேச வேண்டும்.

செலவு: பெரும்பாலும் இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளம், ஒரிகன் வரலாற்றுச் சங்கம் ஆகியவற்றில் நிறைய இலவசமாகக் கிடைக்கும். பொறி ஒன்று உண்டு. 1930க்கு முன் அமெரிக்காவில் அச்சானவை பொதுவுடைமை. ஆனால் பெட்டியில் கிடந்து 1978க்கும் 2002க்கும் இடையில் முதன்முதலாக அச்சேறிய பழைய நாட்குறிப்புகளுக்கு அங்கே 2047 முடியும்வரை காப்புரிமை இருக்கலாம். தொகுப்பாசிரியரின் குறிப்புகள் தனி. தகவலை எடுப்பதில் தடையில்லை. வரிகளை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டாதீர்கள்.

காலம்: படிக்கவும் நாட்காட்டி போடவும் மூன்று மாதம் ஒதுக்குங்கள். மூன்று மாதம் முடிந்ததும் நிறுத்துங்கள். தெரியாதது இன்னும் இருக்கும். எழுதும்போது சதுர அடைப்பில் "சரிபார்" என்று போட்டுவிட்டு மேலே போகலாம்.

8. பேச்சு

உரையாடலில் மைல், பவுண்டு, டாலர் என்றே வரட்டும். கிலோமீட்டர் அவர்கள் வாயில் ஒட்டாது. மணமான பெண்கள்கூடப் பிறரிடம் கணவரை "மிஸ்டர்" போட்டுக் குடும்பப் பெயரால்தான் குறிப்பிட்டார்கள். தமிழில் இது உங்களுக்குச் சாதகம்: "நீங்கள், மிஸ்டர்" என்று நீண்டநாள் போகும் பேச்சு ஒருநாள் முதற்பெயருக்கும் "நீ"க்கும் இறங்கலாம். அந்த இறக்கத்தை ஒரே ஒருமுறை, சரியான அத்தியாயத்தில் செய்யுங்கள். "அண்ணி", "மாமா" போன்ற முறைப்பெயர்களை அவர்கள் வாயில் வைக்காதீர்கள். "மிஸஸ்", "அம்மணி", பெயர், இவை போதும். மிசூரி விவசாயிக்குக் கொங்கு வழக்கோ நெல்லை வழக்கோ தராமல், எளிய பொதுப் பேச்சுத் தமிழ் கொடுங்கள்.

9. முடித்த பிறகு ஒரு சல்லடை

கதை 1852 என்றால், கணினியில் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி நீக்குங்கள்.

வயோமிங், ஐடஹோ: அந்தப் பெயரில் அன்று ஆட்சிப்பகுதிகளே இல்லை. ஐடஹோ 1863, வயோமிங் 1868. ஆறு, கோட்டை, பாறைப் பெயர்களால் இடத்தைச் சொல்லுங்கள். ஒரிகன் மாநிலமானது 1859இல், அதுவரை ஆட்சிப்பகுதி.
போனி எக்ஸ்பிரஸ் என்ற குதிரைத் தபால்: 1860, 61 மட்டும்.
கண்டம் கடந்த தந்தி: 1861.
குடியேறிகளுக்கு நிலம் தந்த ஹோம்ஸ்டெட் சட்டம், 160 ஏக்கர்: 1862. நிலக்கொடைச் சட்டத்தோடு குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.
பச்சைக் காகித டாலர்: 1862. அதற்கு முன் தங்க, வெள்ளி நாணயம். தனி வங்கிகளின் தாள்.
திருகுமூடிக் கண்ணாடி ஜாடி: 1858.
வின்செஸ்டர் துப்பாக்கி: 1866. செம்பு ஆணி வைத்த ஜீன்ஸ்: 1873. முள்கம்பி வேலி: 1870கள்.
மாடு மேய்ப்பர்களின் சமையல் வண்டி: 1866.

அதற்கடுத்து மாவுக் கணக்கைச் சரிபாருங்கள். வாரத்தாளில் எழுதிய மிச்சமும் அத்தியாயத்தில் அவர்கள் சாப்பிடுவதும் ஒத்துப்போகிறதா? ஆகஸ்ட் கடைசியில் பாதி வயிறாக இருக்க வேண்டியவர்கள் விருந்து சாப்பிட்டால் அந்த மாவு எங்கே கிடைத்தது, என்ன விலை கொடுத்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள். கடைசியாக, மாடுகளை எண்ணுங்கள். ஆறு எருதோடு கிளம்பியவர்கள் வழியில் இரண்டைப் பலிகொடுத்திருந்தால், பார்லோ சாலையில் லாரல் குன்றுச் சரிவில் மரத்தில் கயிறு சுற்றி வண்டியை இறக்கும் அத்தியாயத்தில் நான்குதான் நிற்க வேண்டும்.